உச்சத் தேவைக்கு ஓர் எல்.என்.ஜி சேமிப்பு நிலையம்: ஜூரோங் தீவை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

2004 ஜூன் 29 அன்று சிங்கப்பூரின் பல வட்டாரங்களில் மின்சாரம் போனது. நம் மின்னிலையங்கள் நன்றாகத்தான் இருந்தன. இந்தோனேசியாவின் மேற்கு நத்துனாவிலிருந்து கடலடியில் சுமார் 640 கிலோமீட்டர் வரும் குழாயில் எரிவாயு வரத்து தடைப்பட்டதுதான் காரணம். நம் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவால் வருகிறது. குழாய் இருமினால் நமக்குக் காய்ச்சல் வரும்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2006ல், எரிவாயுவைத் திரவமாக (எல்.என்.ஜி) கப்பலில் இறக்குமதி செய்வதென்று அரசாங்கம் முடிவெடுத்தது. ஜூரோங் தீவு முனையம் செயல்படத் தொடங்கியது 2013 மே மாதத்தில். முடிவுக்கும் முதல் வணிகச் செயல்பாட்டுக்கும் இடையே ஏழு ஆண்டுகள். இந்த இடைவெளியை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். சேமிப்பு நிலையம் என்பது தேவை வந்தபிறகு கட்டுகிற பொருள் அல்ல.

பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களும், தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கும் இளம் பொறியாளர்களும் இதைப் பற்றித் தமிழில் கேட்கிறார்கள். அவர்களுக்காக, ஒரு நிலையத்தை முதல் கணக்கிலிருந்து முதல் சோதனை ஓட்டம் வரை எப்படிக் கொண்டுபோவது என்று எழுதுகிறேன்.

படி 1: எந்த உச்சம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் உச்சத் தேவை என்றால் குளிர்காலம். அங்கே கோடையில் குழாயில் வரும் வாயுவை மெதுவாகத் திரவமாக்கித் தொட்டியில் நிரப்பிவிடுவார்கள். கடுங்குளிர் நாள்களில் சூடாக்கி வேகமாக வெளியே விடுவார்கள். நிரப்ப மாதக்கணக்கு, காலி செய்யச் சில நாள்கள். உச்சத் தேவை நிலையம் என்ற யோசனையே அங்கு பிறந்ததுதான்.

நமக்குக் குளிர்காலம் இல்லை. நம்முடைய உச்சம் மூன்று விதம். வார நாள் பிற்பகலில் ஏர்கான் எல்லாம் ஓடும்போது வருவது ஒன்று. அது சில மணி நேரம் நீடிக்கும். சூரியத் தகடுகளின் மேல் மேகம் வந்து மூடுவது இன்னொன்று. அது நிமிடக் கணக்கு. மூன்றாவது, குழாய் வரத்து குறைவது. அது நாள்களாக, சமயத்தில் வாரங்களாக நீளும். 2021ல் உலக எரிவாயு விலை எகிறி, நமக்கு வரும் குழாய் வாயுவும் குறைந்தபோது, எரிசக்திச் சந்தை ஆணையம் அக்டோபரில் எல்.என்.ஜி கையிருப்பு வசதி ஒன்றை ஏற்படுத்தி, மின்னிலையங்கள் அவசரத்தில் எடுத்துக்கொள்ள வழி செய்தது. அது மூன்றாவது விதத்துக்கான ஏற்பாடு.

நிமிட உச்சத்துக்கு பேட்டரி போதும். ஜூரோங் தீவிலேயே 285 மெகாவாட் மணி நேர பேட்டரித் தொகுப்பு 2023ல் திறக்கப்பட்டது. சில மணி நேர ஏற்ற இறக்கத்தைக் குழாய்க்குள் அழுத்தமாக அடைபட்டிருக்கும் வாயுவே ஓரளவு தாங்கும். நாள்கணக்கு என்று வரும்போதுதான் எல்.என்.ஜி தொட்டிக்கு ஈடு எதுவும் இல்லை. இதைப் பிரித்துப் பார்க்காமல் 'உச்சத் தேவைக்கு' என்று பொதுவாக எழுதிய திட்ட அறிக்கையைப் பார்த்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும். தொட்டியின் அளவு முதல் பம்பின் வேகம் வரை எல்லாமே இந்த ஒரு பதிலில் தொங்குகின்றன.

படி 2: வெளியேற்றும் வேகத்திலிருந்து தொட்டிக்கு வாருங்கள்

பெரும்பாலோர் தொட்டியின் கொள்ளளவில் ஆரம்பிக்கிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு வாயு வேண்டும் என்று முதலில் கேளுங்கள். எத்தனை நாள் வேண்டும் என்பது அப்புறம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். தலா 400 மெகாவாட் கொண்ட இரண்டு கூட்டுச்சுழற்சி (வாயு டர்பைனின் கழிவு வெப்பத்தால் நீராவி டர்பைனையும் ஓட்டும்) மின்னுற்பத்தி அலகுகளைப் பத்து நாள் முழுவீச்சில் ஓட்ட வேண்டும் என்று வைப்போம். இயற்கை எரிவாயுவை மைனஸ் 162 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்தால் திரவமாகிறது. பருமன் ஏறக்குறைய 600ல் ஒரு பங்காகச் சுருங்குகிறது. ஒரு கன மீட்டர் திரவம் சுமார் 450 கிலோ. அதில் 6 மெகாவாட் மணி நேரத்துக்குச் சற்று மேல் வெப்பம் இருக்கிறது. அலகின் திறன் 55 விழுக்காடு என்றால் கையில் கிடைக்கும் மின்சாரம் சுமார் 3.4 மெகாவாட் மணி நேரம்.

800ஐ 3.4ஆல் வகுத்தால் மணிக்கு 235 கன மீட்டர் திரவம், அதாவது ஏறக்குறைய 106 டன். பத்து நாளுக்கு 56,000 கன மீட்டருக்கு மேல். தொட்டியை அடிவரை உறிஞ்ச முடியாது; குளிர் போகாமலிருக்கவும் பம்புக்காகவும் அடியில் கொஞ்சம் திரவம் எப்போதும் நிற்க வேண்டும். மேலேயும் இடம் விட வேண்டும். ஆகவே 65,000 கன மீட்டர் என்று எடுத்துக்கொள்ளலாம். ஜூரோங் தீவு முனையத்தில் நான்கு தொட்டிகள் சேர்ந்து 800,000 கன மீட்டர். 2018ல் முடிந்த நான்காவது மட்டுமே 260,000. அதன் பக்கத்தில் நம் தொட்டி சிறிதுதான். ஆனால் மணிக்கு 106 டன் என்ற எண்ணைச் சிறியதாக நினைக்காதீர்கள். செலவும் இடமும் அதைத்தான் பின்தொடரும்.

படி 3: திரவம் எங்கிருந்து வரும்?

குழாய் வாயுவை நாமே திரவமாக்கலாம். அதற்கு முன் கரியமில வாயுவை ஒரு மில்லியனில் 50 பங்குக்குக் கீழே இறக்க வேண்டும், ஈரத்தை அநேகமாக முழுதாக நீக்க வேண்டும். இல்லையென்றால் உறைந்து குழாயை அடைத்துவிடும். பாதரசத்தையும் எடுக்க வேண்டும், அலுமினிய வெப்பமாற்றியை அது அரித்துவிடும். சிறிய குளிர்விப்பு ஆலை ஒரு கிலோவுக்கு அரை யூனிட் மின்சாரத்துக்குக் குறையாமல் சாப்பிடும்.

கப்பலில் திரவமாகவே வந்து இறங்கும் ஊரில், அதை வாயுவாக்கி அனுப்பிவிட்டு மறுபடி திரவமாக்குவது வீண் வேலை. என் கருத்தில் சிங்கப்பூருக்கு இந்த வழி வேண்டாம். இருக்கும் முனையத்திலிருந்து குளிர்க்குழாய் வழியாகவோ சிறிய கப்பல் வழியாகவோ திரவத்தை வாங்குங்கள்.

படி 4: தரையா, மிதவையா?

ஏழு தீவுகளுக்கு இடையே கடலைத் தூர்த்து உண்டான ஜூரோங் தீவில் ஒவ்வொரு மீட்டர் நிலத்துக்கும் ஆள் காத்திருக்கிறார்கள். நாட்டின் இரண்டாவது முனையத்தைத் தரையில் கட்டாமல், திரவத்தைச் சேமித்து வாயுவாக்கும் மிதக்கும் கப்பலாக ஜூரோங் துறைமுகத்தில் அமைப்பதென்று 2024 அக்டோபரில் அறிவித்ததை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 5 மில்லியன் டன் வரை கையாளும் திட்டம் அது.

மிதவை சீக்கிரம் கைக்கு வரும், தேவை தீர்ந்தால் இடம் மாற்றலாம். ஆனால் கப்பல் தொட்டியில் திரவம் ஆவியாகும் வேகம் தரைத் தொட்டியைவிடக் கூடுதல். வருடத்தில் பெரும்பகுதி சும்மா நிறைந்து நிற்க வேண்டிய சேமிப்புக்கு அது பெரிய குறை. தினமும் ஓடும் முனையத்துக்கு மிதவை, காத்திருக்கும் கையிருப்புக்குத் தரைத்தொட்டி என்பது என் பரிந்துரை. நிலம் கிடைக்கவே கிடைக்காது என்றால் வேறு பேச்சு.

இடம் தேர்ந்தெடுக்கும்போது நான்கைக் கவனியுங்கள்: கடல்நீர் எடுக்கும் வசதி, எரிவாயுக் குழாய்ப் பிணையத்துக்கு உள்ள தூரம், தூர்த்த மண்ணின் தாங்குதிறன், அக்கம்பக்க ஆலைகள். கடைசியானதுதான் அநேகமாகத் திட்டத்தைத் தீர்மானிக்கும். உங்கள் எல்லைக்கோட்டில் தீ வெப்பம் ஒரு சதுர மீட்டருக்கு 5 கிலோவாட்டைத் தாண்டக்கூடாது என்பது பரவலாகப் பின்பற்றும் வரம்பு. பக்கத்து நிலம் யாருடையது என்று தெரியாமல் வரைபடம் போடாதீர்கள்.

படி 5: அனுமதிகள்

நிலத்துக்கு, தொழில்துறை நிலங்களை நிர்வகிக்கும் ஜேடிசி கழகம். உரிமத்துக்கு, எரிவாயுச் சட்டத்தின் கீழ், எரிசக்திச் சந்தை ஆணையம். தீப்பாதுகாப்புக்குக் குடிமைத் தற்காப்புப் படை, கழிவுநீருக்கும் காற்றுக்கும் தேசிய சுற்றுப்புற வாரியம், கப்பல் வந்தால் கடல்துறை, துறைமுக ஆணையம். இவற்றோடு, பேரபாய ஆலைகளுக்கென்று மனிதவள அமைச்சில் உள்ள துறையிடம் 'சேஃப்டி கேஸ்' ஆவணம் கொடுக்க வேண்டும்; 2017 விதிமுறைகள் அதைக் கேட்கின்றன.

இந்த ஆவணத்தைப் பலர் ஆலோசகரிடம் கொடுத்து எழுதி வாங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எது தவறலாம், தவறினால் என்ன தடுக்கும், அந்தத் தடுப்பை யார் எத்தனை நாளுக்கொரு முறை சோதிக்கிறார்கள் என்பதுதான் அதன் சாரம். அதை ஓட்டப்போகிறவரே எழுத வேண்டும்.

படி 6: தொட்டி

1944 அக்டோபர் 20. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், இதே உச்சத் தேவைக்காகக் கட்டிய நிலையத்தில் ஒரு தொட்டி பிளந்தது. திரவம் தெருவிலும் சாக்கடையிலும் ஓடி, ஆவியாகி, தீப்பிடித்தது. 130 பேர் வரை இறந்தார்கள். அந்தத் தொட்டியின் எஃகில் இருந்த நிக்கல் 3.5 விழுக்காடு. அந்தக் குளிரில் அது கண்ணாடிபோல் நொறுங்கும். கசிந்ததைப் பிடித்து நிறுத்தப் போதிய தடுப்புச் சுவரும் இல்லை.

இன்றைய தொட்டி இந்த இரண்டுக்கும் எழுதிய பதில். உள்தொட்டி 9 விழுக்காடு நிக்கல் எஃகு. அதைச் சுற்றி முன்னிறுக்கம் கொடுத்த கான்கிரீட் வெளித்தொட்டி; உள்தொட்டி முழுதாகக் கசிந்தாலும் அது திரவத்தைப் பிடித்து வைக்கும். இரண்டுக்கும் நடுவே பொரிபோல் பொங்கவைத்த பெர்லைட் தூள், அடியில் நுரைக் கண்ணாடிக் கட்டிகள், மேலே தொங்கும் தளத்தில் கண்ணாடி இழைப் போர்வை. ஐரோப்பியத் தரமான ஈ.என். 14620ம், நிலையம் முழுவதற்கும் அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 59ஏயும் பார்க்க வேண்டிய நூல்கள்.

மூன்றை விட்டுக்கொடுக்காதீர்கள். பக்கவாட்டிலோ அடியிலோ ஒரு துளைகூட வேண்டாம். எல்லாக் குழாயும் கூரை வழியாகவே போகட்டும், பம்பையும் மேலிருந்து உள்ளே இறக்குங்கள். அடித்தளத்தைத் தூண்கள்மேல் உயர்த்திக் கீழே காற்றோட விடுங்கள். அல்லது சூடேற்றும் கம்பி பதியுங்கள். இல்லாவிட்டால் கீழே மண் உறைந்து வீங்கித் தொட்டியையே தூக்கிவிடும், நம் வெயிலிலும்கூட. மூன்றாவது, உயரத்துக்கு உயரம் வெப்பநிலையையும் அடர்த்தியையும் அளக்கும் கருவி. ஏன் என்று படி 8ல் சொல்கிறேன்.

படி 7: வாயுவாக்கும் பகுதி

இங்கே நமக்கு இயற்கை ஒரு வசதியைக் கொடுத்திருக்கிறது. குளிர்நாடுகளில் கடல்நீர் சில்லிட்டுப்போனால் வாயுவை எரித்துத்தான் எல்.என்.ஜியைச் சூடாக்க வேண்டும். நம் கடல் வருடம் முழுக்க 30 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. நிமிர்ந்து நிற்கும் அலுமினியத் தகடுகளுக்குள் திரவம் மேலேற, வெளியே கடல்நீர் அருவிபோல் வழிந்தால் போதும்.

எவ்வளவு நீர்? நம் மணிக்கு 106 டன்னை வாயுவாக்கச் சுமார் 22 மெகாவாட் வெப்பம் வேண்டும். கடல்நீர் 5 டிகிரி குளிர்ந்து திரும்பலாம் என்று வைத்தால் மணிக்கு ஏறக்குறைய 4,000 கன மீட்டர். ஒலிம்பிக் நீச்சல் குளம் ஒன்றரை அளவு, ஒவ்வொரு மணி நேரமும். அந்தக் குளிர்நீர் வெளியேறும் இடத்தில் பவளமும் மீனும் என்ன ஆகும் என்பதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். சிப்பி ஒட்டாமலிருக்கப் போடும் குளோரினுக்கும் அப்படியே.

வாயுவாக்கியை ஒன்று கூடுதலாகவே வையுங்கள். 55 டன்னில் இரண்டு போதும் இடத்தில் மூன்று. உச்சத் தேவை நிலையம் ஓடும் நாள் என்பது வேறு ஏதோ ஏற்கெனவே பழுதான நாள். அன்று ஒரு பம்ப் நின்றால் காரணம் கேட்க யாருக்கும் பொறுமை இருக்காது. வெளியே போகும் வாயுவின் வெப்ப மதிப்பு, குழாய் வாயுவோடு ஒத்துப்போகிறதா என்பதையும் பிணையத்தை நடத்துவோரிடம் முன்னதாகவே பேசிவிடுங்கள். டர்பைன்கள் திடீர் மாற்றத்தை விரும்புவதில்லை.

படி 8: காத்திருக்கும் திரவம்

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இந்தப் படி. திட்டங்களில் மிகக் குறைவாக எழுதப்படுவதும் இதுதான். உச்சத் தேவை நிலையத்தின் அன்றாட வேலை காத்திருப்பது. அந்தக் காலத்தில் திரவம் சும்மா இருப்பதில்லை.

எவ்வளவு நல்ல காப்பு போட்டாலும் நாளுக்கு 0.05 விழுக்காடு ஆவியாகும் என்று கொள்ளுங்கள். 65,000 கன மீட்டரில் அது 32 கன மீட்டர். மின்சாரமாக்கினால் சுமார் 110 மெகாவாட் மணி நேரம். மாதம் 400 யூனிட் ஓடும் வீடுகள் 8,000க்கு அன்றைய செலவுக்குப் போதும். அதைக் காற்றில் விட முடியாது, மீத்தேன் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். கொளுத்தினால் கரிம வரி; 2026லும் 2027லும் டன்னுக்கு 45 வெள்ளி. ஆகவே ஆவியை அழுத்திக் குழாய்க்குள் அனுப்பும் கம்ப்ரசர், அதை நாள்தோறும் வாங்கிக்கொள்ளும் ஒரு வாடிக்கையாளர், இரண்டும் முதல்நாளே வேண்டும்.

அப்புறம், ஆவியாவது பெரும்பாலும் மீத்தேனும் நைட்ரஜனும். கனமான ஈத்தேன், புரொப்பேன் எல்லாம் தங்கிவிடும். மாதங்கள் போகப்போகத் திரவம் கனத்து, அதன் வெப்ப மதிப்பும் கூடும். இதன்மேல் வேறு நாட்டிலிருந்து வந்த இலேசான சரக்கை ஊற்றினால் அது கலக்காமல் தனி அடுக்காக நின்றுவிடலாம். கீழடுக்கு மெல்லச் சூடேறி, இரண்டின் அடர்த்தியும் சமமாகும் ஒரு கணத்தில் முழுத் தொட்டியும் புரண்டு ஆவியைக் கக்கும். 1971 ஆகஸ்டில் இத்தாலியின் லா ஸ்பெசியாவில் இதுதான் நடந்தது. சில மணி நேரத்தில் சுமார் 2,000 டன் ஆவி வெளியேறியது.

தடுப்பு எளிது. உள்ளதைவிடக் கனமான சரக்கை மேலிருந்து நிரப்புங்கள், இலேசானதை அடியிலிருந்து. அடர்த்திக் கருவி அடுக்கைக் காட்டினால் பம்பால் சுற்றிக் கலக்குங்கள். குதிரில் பழைய நெல்லை முதலில் எடுப்பதுபோல, கையிருப்பில் ஒரு பங்கை முறைவைத்துச் செலவழித்துப் புதிதை ஏற்றுங்கள். இதற்கு ஒப்பந்தத்தில் இடம் வேண்டும். எடுத்த அளவுக்கு மட்டும் பணம் தரும் ஒப்பந்தத்தில் இந்த நிலையம் பிழைக்காது. தயாராக நிற்பதற்கென்று தனிக் கட்டணம் இருக்க வேண்டும்.

படி 9: ஆள்கள், மொழி

1973 பிப்ரவரியில் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் காலியான தொட்டி ஒன்றைப் பழுதுபார்க்க இறங்கிய 40 தொழிலாளர்கள் இறந்தார்கள். தொட்டி காலியாகி மாதங்கள் ஆகியிருந்தன. காப்புப் பொருளில் ஊறியிருந்த வாயு தீப்பிடித்தது.

ஜூரோங் தீவில் ஸ்கேஃபோல்டிங் கட்டுபவர், வெல்டர், காப்புப் போர்வை சுற்றுபவர் எனப் பலர் நம் ஊர்க்காரர்கள். வேலைக்கு முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டமான காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் ஆங்கிலத்தில் படித்துக் கையெழுத்து வாங்கினால் எல்லாரும் தலையாட்டுவார்கள். தொட்டியிலுள்ள காற்றைத் துரத்த நைட்ரஜனை நிரப்புவோம். அதைப் பற்றி ஒருமுறை ஒரு தம்பி என்னிடம் கேட்டார்: "அண்ணே, நைட்ரஜன்தானே, காத்துல இருக்கறதுதானே, அதுக்கு ஏன் இவ்வளவு பயம்?" நல்ல கேள்வி. அன்றே கேட்டதால்தான் பதில் சொல்ல முடிந்தது. நைட்ரஜன் நிறைந்த தொட்டிக்குள் இரண்டு மூச்சு இழுத்தால் மயக்கம் வரும், மூச்சுமுட்டும் உணர்வே வராது, வாசனையும் கிடையாது. காப்பாற்ற உள்ளே ஓடுபவரும் விழுவார்.

ஆகவே இந்த நான்கையும் தமிழிலேயே, அவர்கள் திருப்பிச் சொல்லும்வரை, சொல்லிக் கொடுங்கள். ஒன்று, நைட்ரஜன். இரண்டு, எல்.என்.ஜி தேங்கிய இடத்தில் தண்ணீர் அடிக்கக்கூடாது. தண்ணீர் வெந்நீர்போல் வேலை செய்து ஆவியை அதிகமாக்கும். அதற்கு உரியது அதிகமாகப் பொங்கிப் பரவும் நுரை. மூன்று, வெள்ளை மூட்டமாகத் தெரிவது உறைந்த ஈரம். மூட்டத்துக்கு வெளியேயும் வாயு இருக்கலாம், காற்றில் 5 முதல் 15 விழுக்காடு இருந்தால் தீப்பிடிக்கும். நான்கு, உறைந்த இரும்பை வெறுங்கையால் தொட்டால் தோல் அதோடு போய்விடும்.

படி 10: குளிரவைத்தல், சோதனை ஓட்டம்

உள்தொட்டியில் தண்ணீர் நிரப்பிச் சோதித்து, உலர்த்தி, காற்றை நைட்ரஜனால் துரத்துங்கள். அதன்பிறகு நைட்ரஜனை மீத்தேனால் துரத்துங்கள். இந்த வரிசையில் அவசரம் கூடாது. 2014 மார்ச்சில் வாஷிங்டன் மாநிலத்தின் பிளைமத் உச்சத் தேவை நிலையத்தில் இயந்திரத்தைத் திரும்ப ஓட்டும்போது காற்றை முழுதாக நீக்காததால் வெடித்து, சிதறிய துண்டு தொட்டியைத் துளைத்தது. அளவுமானி காட்டும் எண்ணை இருவர் தனித்தனியே பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

அடுத்து, மேலிருந்து திரவத்தைத் தூறலாகத் தெளித்து, மணிக்குச் சில டிகிரி என்ற அளவில் குளிரவையுங்கள். நாள்கள் ஆகும். ஒரு பக்கம் மட்டும் வேகமாகக் குளிர்ந்தால் வெல்டிங்கில் விரிசல் விழும். அடியில் திரவம் தேங்கியபிறகு தொட்டியை மறுபடி சூடாக விடாதீர்கள்.

கடைசியாக ஒரு சோதனை. முன்னறிவிப்பு இல்லாமல், அதிகாலை ஷிஃப்டில், கட்டுப்பாட்டு அறைக்கு 'வாயு வேண்டும்' என்று தகவல் கொடுங்கள். தகவல் போன நொடியிலிருந்து குழாய்க்குள் மணிக்கு 106 டன் பாயும்வரை எத்தனை நிமிடம் என்று அளந்து கட்டுப்பாட்டு அறைப் பலகையில் எழுதி வையுங்கள். அடுத்த மாதம், வேறு ஷிஃப்டில், மறுபடியும்.